எசென்குல் வீட்டு வைஃபை

பெர்மெத்துக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கிர்கிஸ்தான் மலைப்பக்கத்துக் கோக்-புலாக் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வாய்க்குத் தகுந்த கையும் அவளுக்கு இருந்தது. கொரியாவிலிருந்து திரும்பி வந்து இறங்கிய வாரமே, பல குளிர்காலமாக வீட்டுக்குள் புகையைக் கக்கிக்கொண்டிருந்த அடுப்புக் குழாயைத் தானே கழற்றி, தட்டிச் சுத்தம் செய்து மாட்டினவள் அவள். அதனால்தான், "இந்த வீட்டுக்கு நான் நெட் கொண்டுவந்து காட்டுறேன், பிஷ்கெக்ல இருக்கறவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்று சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லார் முன்னாலும் அவள் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. மாமியார் மட்டும், மலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் வரும் என்றாள்.

மாமியார் சொன்னதிலும் தப்பில்லை. வீடு ஊருக்கு வெளியே, பழைய கூட்டுப்பண்ணைக் கொட்டகையை ஒட்டி, மலையின் மடிப்புக்குள் இருக்கிறது. போனில் சிக்னல் வேண்டுமென்றால் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் வறட்டிக் குவியல் மேல் ஏறி நிற்க வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் குதிரை விலை பேசியதும், மாஸ்கோவில் இருக்கும் மூத்த மகளோடு சண்டை போட்டதும், சமாதானம் ஆனதும் எல்லாம் வறட்டி மேல் நின்றுதான்.

பெர்மெத்தின் வேலைக்கு வறட்டி தாங்காது. கொரியாவில் ஐந்து வருஷம் உழைத்து அந்த மொழியைத் தண்ணீர் பட்ட பாடாக ஆக்கிவைத்திருந்தாள். அங்கே வேலைக்குப் போகிற கிர்கிஸ் பிள்ளைகள் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் சொல்வது இவர்களுக்குப் புரியாது, இவர்கள் சொல்வது டாக்டருக்குப் புரியாது. நடுவில் வீடியோவில் வந்து இரண்டு பக்கமும் பேசிக்கொடுக்க, சியோலில் இருக்கும் ஒரு நிறுவனம் ஆள் எடுத்தது. பெர்மெத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். பேச்சு நடுவில் அறுந்துபோகிற ஆள் அவர்களுக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. மறுமுனையில் இருப்பவன் படுக்கையில் கிடக்கிறவன்.

வேலை நிலைத்தால் அவள் இங்கேயே இருக்கலாம். நிலைக்காவிட்டால் தலைநகர் பிஷ்கெக்கில் அறை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான், ஆட்டையும் குதிரையையும் விட்டுவிட்டுப் புருஷன் குபாத்தால் கூட வர முடியாது. கல்யாணமான கையோடு அவள் கொரியாவுக்கும் அவன் மேய்ச்சலுக்குமாகப் பிரிந்து, போன் திரையில் குடும்பம் நடத்தியது போதும் போதும் என்றாகிவிட்டது. இன்னொரு தடவை அந்தப் பிழைப்பு இல்லை என்று பெர்மெத் முடிவு கட்டியிருந்தாள். அவள் முடிவு கட்டினால் கட்டியதுதான்.

நகரத்துச் சந்தையிலிருந்து வெளியில் மாட்டுகிற ஆன்டெனாவும் ரூட்டரும் நீளமான கேபிளும் வந்து சேர்ந்தன. கொட்டகைக் கூரையில் இரும்புக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். கணவாய்ப் பக்கம் இருக்கும் டவரைப் பார்த்து குபாத் அதை மேலிருந்து மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, கீழே நின்று பெர்மெத் போனைப் பார்த்தபடி, "இன்னும்... இன்னும்... ஐயோ போயிடுச்சு, பின்னால வா" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் எசென்குல் முற்றத்தில் தொப்பியைத் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, குதிரைக்கு லாடம் அடிப்பதைப் பார்ப்பது போல ஒன்று விடாமல் பார்த்தார். கடைசியில் வேகம் வந்தது. வந்தது என்றால் அப்படி வந்தது. மாஸ்கோ மகளின் முகம் திரையில் துளிகூட நடுங்காமல் தெரிந்தபோது மாமியார் மூக்கில் விரலை வைத்தாள். எசென்குல் உள்ளங்கைகளை விரித்து, இந்த வீட்டுக்கு வந்தது நிலைக்கட்டும் என்று ஆசி சொல்லி முகத்தில் தடவிக்கொண்டார்.

புதுப்பொருள் வந்த வீட்டுக்கு அக்கம்பக்கம் வந்து பார்ப்பது வழக்கம். வந்தார்கள், மிட்டாயும் சில்லறையும் கொடுத்து வாழ்த்தினார்கள், தேநீர் குடித்தார்கள், போனார்கள். பெர்மெத் வாரம் முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

அதற்கப்புறம்தான் சனியன் பிடித்தது. கை நசுங்கிய ஒரு பையனுக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது படம் உறைந்து, குரல் இழுத்து, பேச்சு அறுந்தது. சியோலில் மேற்பார்வை பார்க்கும் ஹான் அம்மாள் மரியாதையாகவே ஒரு வரி எழுதினாள். சில நாள் கழித்து இன்னொரு தடவை அறுந்தது. இந்தத் தடவை ஹான் அம்மாளின் வரியில் மரியாதை இருந்தது, ஆனால் அடுத்த தடவை என்பது இருக்காது என்பதும் இருந்தது. பெர்மெத்துக்குப் பயம் வந்துவிட்டது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், கேபிள்தான் கோளாறு, மாற்றினால் சரியாகிவிடும் என்று குபாத்திடம் அடித்துச் சொன்னாள்.

கேபிளை மாற்றினாள், சரியாகவில்லை. கம்பத்தை உயர்த்தினார்கள், அதிலும் பலன் இல்லை. நெட் கம்பெனிக்குப் போன் போட்டால், உங்கள் சிக்னல் பிரமாதமாக இருக்கிறது அம்மா என்றான் அங்கே இருந்தவன். காலையில் குதிரை மாதிரி ஓடுகிற நெட், மதியம் தாண்டினால் கிழட்டுக் கழுதை மாதிரிப் படுத்துக்கொண்டது. கொரியாவில் ஆஸ்பத்திரிகள் சாயங்கால நெருக்கடியில் இருக்கிற நேரமும் அதுதான். காற்றில் ஆன்டெனா திரும்பிவிடுகிறது, குபாத் முடிச்சுப் போட்ட லட்சணம் அப்படி என்று அவள் தீர்ப்பு சொன்னாள். குபாத் மேய்ச்சலுக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் தானே ஏணியை எடுத்துச் சாத்தினாள்.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் முற்றத்தில் உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேலே மருமகள் கூரையில் நடப்பதாவது. எசென்குல் நல்ல மனுஷர். மருமகளின் கால் ஏணியின் முதல் படியில் பட்டதும், திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவர் போலத் தடியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடையைக் கட்டிவிட்டார். அவர் இல்லாத முற்றத்துக்கு மேலே யார் ஏறினால் என்ன.

கூரையில் நின்று பார்த்தால் ஆன்டெனா அசையவே இல்லை. குபாத்தின் முடிச்சு கல்லு மாதிரி இருந்தது. ஆனால் அவள் கண் கீழே போனது. ஆட்டுப்பட்டியின் பின்சுவரை ஒட்டி, காற்றுப் படாத பக்கமாக, பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேய்ப்பர்கள், பள்ளிக்கூடக் காவல்காரர், பக்கத்துப் பண்ணைக்காரன், பேர் தெரியாத இரண்டு பேர். குதிரைகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. எல்லார் கையிலும் போன். நடுவில், தன் வீட்டிலிருந்தே எடுத்து வந்த நாற்காலியைப் போட்டு, மாமனாரின் சிறு வயதுக் கூட்டாளி சுயுன்பாய் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவரே அண்ணாந்து பார்த்து, "அட மருமவளே, அந்தக் குச்சியக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பேன். படம் நின்னு நின்னு வருது" என்றார்.

இறங்கி வந்து விசாரித்தாள். ஒளிக்க அங்கே ஒருத்தருக்கும் எதுவும் இல்லை. வாசலுக்கு வந்தவருக்கு ஒரு துண்டாவது ரொட்டியைப் பிட்டு வாயில் போடாமல் அனுப்புவதில்லை என்பது எந்த வீட்டிலும் உள்ளதுதான். எசென்குல் அந்த ரொட்டியோடு வைஃபை பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கூட்டித் தப்பில்லாமல் சொல்வாராம். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொல்வாராம். ஒரு ஆள் வந்து கேட்டு, இல்லை என்று சொல்லுகிற வீடு என்ன வீடு என்பாராம்.

பெர்மெத்துக்கு வந்த கோபத்தில் கேபிளுக்கும் கம்பத்துக்கும் குபாத்தின் முடிச்சுக்கும் தான் சொன்ன தீர்ப்பெல்லாம் காற்றோடு போனது. ஆனால் மாமனாரிடம் போய், கொடுக்காதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? அவள் எடுத்ததை அவளே முடிக்கிறவள். யாரிடமும் மூச்சுவிடாமல், சாயங்காலமே பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். மாற்றியதும் நெட் சிட்டாய்ப் பறந்தது. விஷயம் இவ்வளவுதான் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலையில் ஒரு லாரிக்காரன் எஞ்சின் கொதித்துப்போய்த் தண்ணீர் கேட்டு வந்தான். எசென்குல் தண்ணீர் கொடுத்தார், ரொட்டி கொடுத்தார், பாஸ்வேர்டு சொன்னார். அவன் போட்டுப் பார்த்தான், ஏறவில்லை. திரும்ப எழுத்து எழுத்தாகச் சொன்னார், ஏறவில்லை. அவனிடமிருந்து போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தானே விரலால் குத்தினார். லாரிக்காரன், பரவாயில்லை பெரியவரே, பரவாயில்லை என்று நெளிந்தான். நாற்காலியோடு அப்போதுதான் வந்து சேர்ந்த சுயுன்பாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா எசென்குல், உன் வீட்டுச் சாவி உன் கையில இல்லியாடா?"

 எசென்குல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். சன்னலுக்கு இந்தப் பக்கம் மாவு பிசைந்த கையோடு பெர்மெத் நின்றாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவள் என்ன செய்தாலும் ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனுஷரை, அவர் வாசலிலேயே ஒரு வழிப்போக்கன் முன்னால் தலைகுனிய வைத்தாயிற்று. விஷயம் தெரிந்ததும் குபாத் வேறு, என் அப்பாவை ஊர் சிரிக்க வைத்துவிட்டாயே என்று குதித்தான். பின்னே நான் பிஷ்கெக்குக்குப் போய்த் தொலையட்டுமா என்று அவளும் பதிலுக்குக் குதித்தாள். இரண்டு பேரும் குதித்ததில் ஒன்றும் தீரவில்லை.

அன்றைக்குப் பார்த்து எசென்குல் தன் வயசுக் கூட்டாளிகளை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். கோக்-போரு இறுதி ஆட்டம். குதிரை மேலிருந்தபடியே தலையறுத்த ஆட்டுக்கடாவை இழுத்துப் பறிக்கும் அந்த ஆட்டத்தில் அவர்கள் மாவட்டத்து அணி இறங்குகிறது. புது நெட்டில், பெரிய டிவியில், எல்லாரும் சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஆடு அறுத்தாயிற்று, கொப்பரையில் கறி வெந்துகொண்டிருந்தது. இந்த நிலைமையில் பெர்மெத் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள். மாமனாரை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். பேரைச் சொல்கிற வழக்கம் கிடையாது.

"அப்பா, பாஸ்வேர்ட மாத்துனது நான்தான். உங்ககிட்ட சொல்லாம மாத்துனேன். தப்புதான்."

அவர் சேணத்து வாரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "உன் பொருள்ம்மா. நீ சம்பாதிச்சு வாங்குனது."

அப்படிச் சொன்னதுதான் அவளை இன்னும் அறுத்தது. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு தடவை அறுந்ததை, ஹான் அம்மாள் எழுதியதை, இன்னொரு தடவை அறுந்தால் வேலை போவதை, வேலை போனால் தான் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டியிருப்பதை. அவர் சேணத்தைக் கீழே வைத்தார்.

"போகணுமா? இதெல்லாம் யாரும்மா எங்கிட்ட சொன்னா? ஒரு விளக்க ஏத்தி வச்சா, பக்கத்துல வந்து உக்கார்ற எல்லாருக்கும் வெளிச்சம். பத்துப் பேர் பாத்தா கொறஞ்சா போகுது? இதுவும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

"இது விளக்கு இல்லப்பா. ஆடு. ஒரே ஒரு ஆடு. எத்தன பேர் வந்தாலும் அதத்தான் வெட்டிப் போடணும்."

எசென்குல் நிமிர்ந்தார். முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்தது. "ஆடுன்னு மொதல்லயே சொல்லியிருக்க வேண்டியதுதானே. ஆட்டுக்குப் பங்கு போடத் தெரியாதவனா நான்? மூத்தவனுக்கு ஒண்ணு, இளையவனுக்கு ஒண்ணு, வழியில போறவனுக்கும் ஒண்ணு. எவனும் வெறும் வாயோட போகமாட்டான். ஆனா எல்லாத்துக்கும் ஒரே எலும்பு கிடையாது. உன் பெட்டியில அப்படி வெட்டுறதுக்கு வழி இருக்கா?"

இருந்தது. பெட்டி வாங்கிய நாளிலிருந்தே இருந்தது. கம்பத்தையும் கேபிளையும் கட்டி அழுத நேரத்தில் அதை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம் என்று பெர்மெத் தன்னையே மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டாள். அப்புறம் உள்ளே ஓடி, போனில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்தாள். விருந்தாளிகளுக்கென்று தனியாக ஒரு வைஃபை, அதற்குப் பழைய பாஸ்வேர்டே, அளவான பங்கு. செய்தி அனுப்பலாம், மகளோடு பேசலாம், சுவரோரம் உட்கார்ந்து படம் பார்க்க முடியாது. அது முடிந்தது.

அடுத்து வீட்டுக்காரர்களுக்கான வரிசை. யாருக்கு முதலில் கொடுப்பது, மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று ஒவ்வொருவரின் பேரையும் மேலும் கீழுமாக நகர்த்தி வைக்கலாம். தன் வேலைக் கணினியை உச்சியில் வைக்க வேண்டியதுதான், விரலும் அங்கே போனது. ஆனால் அதை வைத்தால் "அப்பா" என்று எழுதிய பேர் அதற்குக் கீழே வந்து நின்றது. அவளுக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. தட்டில் இடுப்பெலும்பு மூத்தவருக்குத்தான் போகும், குழந்தைக்குக்கூடத் தெரியும். காலையில் இவ்வளவு நடந்த பிறகு, அவர் பேருக்கு மேலே தன் பேரைத் தூக்கி வைக்கிற துணிச்சல் பெர்மெத்துக்கே இல்லை. அப்பாவை உச்சியில் வைத்தாள். கூடத்துப் பெரிய டிவியையும் அவர் பேரிலேயே சேர்த்தாள். தன்னை இரண்டாவதாக வைத்தாள். ஒரு படிதானே, என்ன வந்துவிடப் போகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். சுயுன்பாய் வரும்போதே போனை நீட்டிப் பார்த்து, பழைய பாஸ்வேர்டு ஏறியதும், சாவி கிடைத்துவிட்டது போல என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எசென்குல் சிரித்தார். மாமியார் தேநீர்க் கெண்டியை மருமகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நீ போய் உன் வேலையைப் பார், கிழவர்களுக்கு ஊற்ற எனக்குக் கை இல்லையா என்றாள். பெர்மெத் கோடியில் இருந்த தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டினாள். கூடத்தில் ஆட்டம் தொடங்கிய இரைச்சல் கேட்டது. கறித் தட்டு உள்ளே போகிற வாசனையும் வந்தது.

அழைப்பு அப்போதுதான் வந்தது. திரையில் ஒரு பக்கம் கொரிய டாக்டர், மறு பக்கம் கட்டிலில் முகம் வெளுத்த ஒரு பையன். ஜும்கால் மலைப் பக்கத்துக் கிர்கிஸ் பேச்சு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். குடல்வால் வெடிக்கிற நிலைமை, உடனே அறுக்க வேண்டும், இதற்கு முன் மயக்க ஊசி போட்டிருக்கிறதா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று டாக்டர் அவசர அவசரமாகக் கேட்டார். பெர்மெத் கேட்டாள். பையன் வாயைத் திறந்தான்.

"சின்ன வயசுல ஒரு ஊசி போட்டாங்கக்கா. அதுல எனக்கு..."

படம் உறைந்தது. குரல் ஒரு தரம் கரகரத்துவிட்டு நின்றது. கூடத்தில் கிழவர்கள் ஓவென்று இரைந்தார்கள். எவனோ கடாவைத் தூக்கிவிட்டான் போலிருக்கிறது. பெர்மெத் கொரிய மொழியிலும் கிர்கிஸிலும் மாறி மாறி, கேட்கிறதா, கேட்கிறதா என்றாள். டாக்டரின் உதடு நடுவில் நின்றது, மறுபடி குதித்து வேறு இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் இப்படியே போனால் இணைப்பு தானாக விழுந்துவிடும். அந்த ஊசியின் பேர் என்ன, அது அவனை என்ன செய்தது? தெரியாமல் அதையே போட்டுவிட்டால்? அந்த நிமிஷத்தில் அவளுக்கு வேலையும் ஞாபகத்தில் இல்லை, பிஷ்கெக்கும் ஞாபகத்தில் இல்லை.

தேநீரோடு அந்தப் பக்கம் வந்த மாமியார் கதவிடுக்கில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். அடுத்த கணம் கதவுக்கு வெளியே எசென்குலின் இருமல் கேட்டது. மருமகள் அறைக்குள் மாமனார் கால் வைக்கிற வழக்கம் இல்லை. நிலைக்கு அந்தப் பக்கமே, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மகளே, அந்த இடுப்பெலும்பு யார்கிட்ட இருக்கு?"

"உங்ககிட்டதான்ப்பா."

"எடுத்துக்க."

"என்னால முடியாதுப்பா."

"நீயா எடுக்க வேண்டாம். எனக்கு வந்தத என் கையால நான் குடுக்கறேன். குடுத்தா வாங்கிக்கணும்."

பெரியவர் தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. பெர்மெத் போனை எடுத்தாள், ஒற்றைக் கையால் தன் பேரைத் தூக்கி "அப்பா"வுக்கு மேலே வைத்தாள்.  கூடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கி, அட, அட, என்னடா இது என்று நாலைந்து குரல் எழுந்தது. இங்கே டாக்டரின் உதடு அசைந்தது. பையன் மூச்சு வாங்குவது கேட்டது.

"தம்பி, அந்த ஊசி. மறுபடி சொல்லு."

பையன் சொன்னான். பல் பிடுங்குவதற்குப் போட்ட ஊசியில் தொண்டை வீங்கி, மூச்சு நின்று, ஜும்காலிலிருந்து நாரின் நகரத்து ஆஸ்பத்திரிக்கு மடியில் போட்டுக் கொண்டுபோனார்களாம். மருந்தின் பேரை அவன் அம்மா மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள். பெர்மெத் அதைக் கொரிய மொழியில் தெளிவாக, இரண்டு தடவை சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து பக்கத்திலிருந்த செவிலியிடம் ஏதோ கத்தினார், அவள் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க ஓடினாள். அப்புறம் பெர்மெத் பையனிடம், என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகும், விழித்ததும் எங்கே வலிக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பயப்படாதே என்று அவனுடைய ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிற வரைக்கும் படம் ஒரு தடவைகூடச் சிணுங்கவில்லை.

அவள் கூடத்துக்கு வந்தாள். டிவியில் ஒரு குதிரைக்காரன் கடாவை எட்டிப் பிடிக்கப் பாதி குனிந்தவாக்கில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். கறித் தட்டில் யாரும் கை வைக்கவில்லை. எசென்குல் அவளைப் பார்த்தார்.

அறுக்கக் கூட்டிப் போகிறார்கள், ஆகாத ஊசியைப் போடமாட்டார்கள், பிழைத்துக்கொள்வான் என்றாள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். பேர் சொல்லக்கூடாது, வேலையின் சட்டம் அது, ஆனால் நம் பிள்ளைதான் என்றாள். எசென்குல் உள்ளங்கைகளை விரித்தார். சுற்றியிருந்தவர்களும் விரித்தார்கள். முகம் தெரியாத அந்தப் பையன் எழுந்து நடக்கட்டும் என்று அவர் சொல்ல, எல்லாரும் முகத்தில் தடவிக்கொண்டார்கள். பெர்மெத்துக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. அடக்கவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஹான் அம்மாளிடமிருந்து செய்தி வந்தது. நடுவில் ஒரு தடவை தடங்கல் தெரிந்ததாம், ஆனாலும் பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டது நல்ல காரியமாம், அடுத்த மாதத்து வேலை நேரத்தை அனுப்பியிருக்கிறாளாம். குபாத் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னான், கொரிய எழுத்து ஒன்றும் புரியாமலே அவனும் எட்டிப் பார்த்தான்.

பெர்மெத் போனை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் வந்தாள். "வேலை முடிஞ்சுதுப்பா. உங்களத் திரும்ப மேல வச்சுடறேன். ஆட்டத்தோட கடைசியாவது பாருங்க."

"ஆட்டத்தப் போட்டுக் குடு. வரிசைய மாத்தாத" என்றார் அவர். "குடுத்ததத் திரும்ப வாங்கி வச்சுக்கறதுக்கு நான் என்ன கடைக்காரனா?"

சுயுன்பாய்க்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சுக்குங்கடா எல்லாரும். மருமவளுக்கு இடுப்பெலும்பு குடுத்துட்டுத் தான் விலா எலும்பக் கடிக்கிறான் இந்த ஆளு. நாளைக்குச் சந்தையில நான் இத ஒருத்தர் விடாம சொல்லப்போறேன்" என்றார்.

"சொல்லு" என்றார் எசென்குல். "யாரு அந்த மருமவள்னு கேப்பாங்க. பெர்மெத்னு பேரோட சொல்லு."